எந்த வேலை, எப்படித் தேடுவது: சென்னையில் முதல் வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் ஏழு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். எதிரில் வந்து உட்காரும் ஃப்ரெஷர்களிடம் நான் முதலில் கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்: "இந்த வேலையில காலையில வந்து உக்காந்ததும் என்ன செய்யணும்னு தெரியுமாப்பா?" பெரும்பாலும் முழிப்பார்கள். சம்பளம் தெரியும், கேன்டீனில் என்ன போடுவார்கள் என்று தெரியும், அங்கே சேர்ந்த சீனியர் என்ன பைக் வாங்கினார் என்பதுகூடத் தெரியும். எட்டு மணி நேரம் அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. அப்படிச் சேர்ந்தவர்களில் பலர் ஆறே மாதத்தில் மறுபடி என் மேசைக்கு வந்தார்கள்.

அதனால் ரெஸ்யூமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாலைந்து காரியங்கள் இருக்கின்றன.

முதல் படி: வீட்டுக் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து இரண்டு எண்களை எழுதுங்கள். உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும்? வேலைக்குப் போனால் மாதம் குறைந்தது எவ்வளவு கையில் வர வேண்டும்? கல்விக் கடன் இருந்தால் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்று வங்கிக்கே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் அவகாசம் கொடுப்பார்கள். பலர் தவணை தொடங்கிய குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

மூன்று மாதம்தான் தாங்கும் என்றால், கிடைக்கிற வேலையில் சேர்ந்துவிட்டு வேண்டிய வேலையைத் தேடுவதுதான் வழி. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் தாங்கும் என்றால் வேறு கணக்கு. இந்த எண் தெரியாமல் எடுக்கும் முடிவுகள்தான் கல்யாண வீட்டில் யாராவது "பையன் இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டதும் ஆட்டம் காண்கின்றன.

இரண்டாம் படி: எந்தத் தொல்லையைத் தாங்குவீர்கள்

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் கிரிக்கெட், சினிமா என்றுதான் பதில் வரும். நான் அப்படிக் கேட்பதில்லை. எல்லா வேலையிலும் ஒரு தொல்லை உண்டு. எந்தத் தொல்லை உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று பாருங்கள். நாள் முழுக்க நிற்க முடியுமா? முகம் தெரியாதவரிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி அதே குரலில் பேச முடியுமா? ராத்திரி விழிக்க முடியுமா? மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் ஒரே திரையைப் பார்க்க முடியுமா? மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால் தூக்கம் வருமா?

சென்னையில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே கல்லூரி முடிக்கும் வரை பலருக்குக் காதில்கூட விழாதவை.

மெடிக்கல் கோடிங். மைக்ரோபயாலஜி, பார்மசி, நர்சிங், பிசியோதெரபி படித்தவர்கள் நிறையப் போவது இதற்கு. அமெரிக்க மருத்துவமனையில் டாக்டர் எழுதிவைத்த குறிப்பு திரையில் வரும். அதைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி-10 பட்டியலிலிருந்து ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. பட்டியலிலிருந்து ஒரு குறியீடு போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் வரும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட், அதாவது இத்தனை நோயாளிகளின் குறிப்பு, என்று கணக்கு உண்டு. தரம் பார்ப்பவர் தவறுகளை எண்ணிக்கொண்டே இருப்பார். பேச்சே கிடையாது. தேர்வுக்குப் படிப்பதுபோல அமைதியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது சொர்க்கம். கோடிங் வேலைக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்களுக்குச் சம்பளமும் ஒரு படி மேலே.

ஏ.ஆர். காலிங். அதே மருத்துவமனையின் பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரவில்லை என்றால், இங்கிருந்து ராத்திரி போன் போட்டு ஏன் தரவில்லை என்று கேட்பவர் இவர். பாதி நேரம் எதிர்முனையில் இசைதான் ஓடிக்கொண்டிருக்கும். பணம் மறுக்கப்பட்ட காரணத்தைக் கேட்டு, குறிப்பெழுதி, அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பி.காம்., பி.ஏ. என்று எந்தப் பட்டமும் போதும். இங்கிலீஷ் தடுமாறாமல் வர வேண்டும். கம்பெனி வண்டி விடியற்காலையில் வீட்டில் இறக்கிவிடும், மத்தியானம் வரை தூக்கம். சம்பளம் பரவாயில்லை, ஆனால் ஊரே விழித்திருக்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சிலருக்கு அது ஒத்துப்போகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி என்றே பத்து வருடமாக அதில் இருக்கிறார்.

இரண்டு வேலையும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள், ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடிகளில்கூட நடக்கும். ஆனால் ஒன்றுக்குப் பொருந்துகிறவர் மற்றதில் மூச்சுத் திணறிப் போவார். வேலையின் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

உங்கள் தொல்லைக் கணக்கை வைத்து மூன்று வேலைகளை நோட்டில் எழுதுங்கள். மூன்று போதும். பத்து எழுதினால் ஒன்றையும் போய்ப் பார்க்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: போய்ப் பாருங்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. ஏறக்குறைய எல்லாத் தொழிலையும் ஒரு பஸ் டிக்கெட் செலவில் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலும் டூல் ரூம், உலோகம் வார்க்கும் ஃபவுண்டரி, உதிரிபாகப் பட்டறைகள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், போன் தொழிற்சாலைகள். 2000-இல் டைடல் பார்க் வந்ததிலிருந்து தரமணி தொடங்கி சிறுசேரி வரை ஐ.டி. பெரம்பூரில் 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். பாரிமுனையில் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் சரக்கை சுங்கத்தில் விடுவிக்கும் கிளியரிங் அலுவலகங்கள். துறைமுகத்தை நம்பி இத்தனை வேலை இருக்கிறது என்பது பாதி பி.காம். பிள்ளைகளுக்குத் தெரியாது. ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்று காகிதத்தோடு வாழும் வேலை அது. கற்றுக்கொண்டவர்களுக்கு எந்தத் துறைமுக ஊரிலும் மதிப்பு உண்டு.

உள்ளே விட மாட்டார்கள், சரி. வாசலில் டீக்கடை இருக்கிறதே. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நில்லுங்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு தனியாக டீ குடிப்பவர் யாராவது இருப்பார். "அண்ணா, நான் மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். இங்க குவாலிட்டில வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும், ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டால் பத்தில் ஒருவர்தான் முகத்தைத் திருப்புவார். தன் வேலையைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டால் மனிதர்களுக்குப் பேசப் பிடிக்கும். கேட்க வேண்டியவை மூன்று: நேற்று வந்ததிலிருந்து போகும் வரை என்ன செய்தீர்கள்? இதில் எது எரிச்சல்? உங்களோடு சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதிலை நன்றாகக் கவனியுங்கள். வளர்ச்சி இருக்கும் வேலையா, ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் வேலையா என்பது அதில் வந்துவிடும். "எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கண்ணா" என்று மட்டும் அங்கே ஆரம்பிக்காதீர்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நம்பர் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு நன்றி சொல்லி மெசேஜ் போட்டால் போதும், மீதி தானாக நடக்கும்.

வேலை நாளில், வேலை நேரத்தில் போவது முக்கியம். என் சித்தி மகன் திருவொற்றியூரிலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குச் சேர்ந்தான். நேர்காணல் ஒரு சனிக்கிழமை நடந்தது. ரோடு காலியாக இருந்தது, சீக்கிரமே போய்விட்டான். சேர்ந்த முதல் திங்கட்கிழமை பஸ், ரயில், மறுபடி பஸ் என்று போக இரண்டேகால் மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். நல்ல வேலைதான். மூன்றாவது மாதம் விட்டுவிட்டான். சேர்வதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அதே வழியில் போய்ப் பார்த்திருந்தால், துரைப்பாக்கம் பக்கம் ஒரு அறையின் வாடகையையும் சேர்த்துச் சம்பளம் பேசியிருப்பான்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: இந்த இடம் மூடினால் இங்கே கற்றது வெளியே எடுபடுமா? மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியதைச் சென்னையில் எல்லோரும் பார்த்தோம். ரோபோ புரோகிராமிங், டை பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு மாதிரி பெயர் சொல்லக்கூடிய ஒரு திறமை கையில் இருப்பவருக்கு ஒரகடத்திலோ ஓசூரிலோ கதவு திறக்கும். ஒரே கம்பெனியின் ஒரே லைனில் ஒரே போல்ட்டை மட்டும் முடுக்கியவருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

நான்காம் படி: காசு கட்டுவதற்கு முன் செய்து பாருங்கள்

மூன்றில் ஒன்றோ இரண்டோ இப்போது மிஞ்சியிருக்கும். அந்த வேலையின் ஒரு சின்னத் துண்டை இரண்டு வாரம் வீட்டில் செய்து பாருங்கள். கணக்கு வேலை என்றால் தெருமுனை மளிகைக்கடைக்காரரின் ஒரு மாத பில்களை வாங்கி டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுங்கள். டேட்டா அனலிஸ்ட் ஆகப்போகிறேன் என்றால் ஏதாவது ஒரு அரசுப் புள்ளிவிவரத்தை எக்செல்லில் இறக்கிச் சுத்தம் செய்து பாருங்கள்; அந்த வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான். மூன்றாம் நாளே கொட்டாவி வந்தால் ஒரு லட்ச ரூபாய் கோர்ஸ் மிச்சம்.

கோர்ஸ் என்றதும் சொல்ல வேண்டும். வேளச்சேரி, தி.நகர், வடபழனி என்று எங்கு திரும்பினாலும் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" பலகை தொங்குகிறது. பணம் கட்டுவதற்கு முன், போன பேட்ச்சில் படித்த ஐந்து பேரின் நம்பரைக் கேளுங்கள். தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் உண்டு. பாதிப் பேர் வருகைப் பதிவுக்காக வீடியோவை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள், அது வேறு கதை.

டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத வழி அப்ரன்டிஸ். தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் இருக்கிறது. அப்ரன்டிஸ் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்தால் அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் ஒரு வருடத்துக்கு எடுப்பார்கள். உதவித்தொகை சம்பளம் அளவுக்கு வராது. ஆனால் தொழிற்சாலைக்குள் ஒரு வருடம் நின்றவரின் ரெஸ்யூமையும் நிற்காதவரின் ரெஸ்யூமையும் ஒரே கண்ணால் யாரும் பார்ப்பதில்லை. கோர் வேலைதான், அதாவது படித்த துறையிலேயே வேலைதான், வேண்டும் என்று அடம்பிடிக்கும் மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அரசுத் தேர்வு எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் முடிவு தேதியோடு எழுதுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் முதல் 100 கேள்விகள் தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நேர்காணல் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலேயே முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு போனால் தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசை நிற்கும்.

கோச்சிங்குக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்பு இலவசம். படிக்க இடம் இல்லையென்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனிப் பகுதி உண்டு. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து மாலை வரை நகராமல் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பார்க்கலாம்.

அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையும் வரும், கொஞ்சம் பயமும் வரும். இருபத்தொன்பது வயதில் ரெஸ்யூமில் ஆறு வருடம் வெறுமையாக விட்டு வந்தவர்களுக்கு நான் வேலை தேடிக் கொடுத்திருக்கிறேன். முடியாமல் போனதும் உண்டு. என் கணக்கு இது: இரண்டு முயற்சி, அதிகபட்சம் இரண்டு வருடம், அதில் இரண்டாவது வருடம் ஏதாவது பகுதி நேர வேலையோடு. கட்-ஆஃப் பக்கத்தில் வந்தால் நீட்டிக்கலாம். பக்கத்திலேயே வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் என்ன மாற்றப்போகிறது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இனிஷியல்

காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் இந்தப் படி. ஆனால் நம் ஊரில் அதில் முக்கால்வாசித் தலைவலி இனிஷியலால் வருகிறது, அதனால் அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

கார்த்திக் என்று ஒரு பையன், அப்பா சுப்பிரமணியன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்". ஆதாரில் "எஸ். கார்த்திக்". பான் கார்டு எடுத்துக்கொடுத்த கடைக்காரர் இனிஷியலை விரித்து "சுப்பிரமணியன் கார்த்திக்" ஆக்கிவிட்டார். வங்கியில் வெறும் "கார்த்திக்". கம்பெனியின் ஆன்லைன் படிவமோ கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் காட்டுகிறது. இவன் அங்கே அப்பா பெயரைப் போடுகிறான். வேலையில் சேர்ந்த பிறகு மெயிலில் எல்லோரும் அவனை "ஹாய் சுப்பிரமணியன்" என்று கூப்பிடுகிறார்கள். அது வேடிக்கை. பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை என்று சேரும் தேதி தள்ளிப்போவதும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆதாரோடு இணையாமல் நிற்பதும் வேடிக்கை இல்லை.

எனவே விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே செய்யுங்கள்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுதான் உங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டு ஆதார், பான், வங்கி மூன்றையும் அதற்கு ஒப்பிட்டு மாற்றுங்கள். முதலில் ஆதார், அதை வைத்து மற்றவை. எழுத்தே வேறாக இருக்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிவங்களில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்பதையும் ஒருமுறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

மற்றபடி பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல், டிகிரி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். போனில் சாய்வாக எடுத்த, கட்டைவிரல் தெரியும் படங்கள் வேண்டாம்.

ஆறாம் படி: ரெஸ்யூம்

ஒரு பக்கம். ஒரு ரெஸ்யூமை முதல் தடவை பார்க்க நான் அரை நிமிடம்கூட எடுத்துக்கொண்டதில்லை. பெயர், போன், படிப்பு, என்ன செய்திருக்கிறார் என்று கண் ஓடும், அவ்வளவுதான். மேலே நான்கு வரிக்கு எழுதும் "லட்சியம்" பத்தியை நான் படித்ததே இல்லை. அப்பா பெயர், மதம், திருமண நிலை, கீழே "மேற்கண்டவை உண்மை" உறுதிமொழி எல்லாம் போகட்டும்.

இடத்தைப் பிடிக்க வேண்டியது செய்த வேலை. "டீம் பிளேயர், கடின உழைப்பாளி" என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. "அப்பாவின் ஹார்ட்வேர் கடையில் இரண்டு வருடம் மாலை நேரம் பில் போட்டு, 400 பொருட்களின் இருப்பை எக்செல்லுக்கு மாற்றினேன்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ஸ்டோர்ஸ் வேலைக்கு அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். கேட்டரிங்குக்குப் பரிமாறப் போனது, டியூஷன் எடுத்தது, கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தது எல்லாம் வேலைதான். எண்ணோடு எழுதுங்கள்.

அரியர் வைத்து முடித்தவர்கள் மறைக்காதீர்கள். இப்போது அரியர் இல்லை என்றால் அதைத் தெளிவாக எழுதினால் போதும். நிலுவை இருந்தால் எப்போது முடியும் என்று சொல்லுங்கள். மார்க் ஷீட் கைக்கு வரும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

மெயில் முகவரி "தல", "ராக்ஸ்டார்" எல்லாம் இல்லாமல் பெயரில் இருக்கட்டும். ஃபைலுக்கும் உங்கள் பெயரையே வையுங்கள். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று ஒரு நாளைக்கு எத்தனை வரும் தெரியுமா?

ஏழாம் படி: விண்ணப்பம்

நௌக்ரி, லிங்க்டுஇன், இன்டீட் எல்லாவற்றிலும் இருங்கள். ஆள் எடுப்பவர் பக்கத்திலிருந்து ஒரு ரகசியம்: நாங்கள் தேடும்போது "கடைசியாக எப்போது உள்ளே வந்தார்" என்று ஒரு வடிகட்டி போடுவோம். ஆறு மாதம் முன்பு பதிவு செய்துவிட்டு மறந்தவர் எங்கள் கண்ணிலேயே பட மாட்டார். வாரம் இரண்டு முறையாவது உள்ளே போய் ஒரு வரியையாவது திருத்துங்கள்.

தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் இலவசம். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் சின்ன முகாம்கள் நடத்துகின்றன. பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் மேளாவைவிட இதுபோன்ற சின்ன முகாமில் ஆள் எடுப்பவரிடம் பேச நேரம் கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நன்றாக நடப்பது ரெஃபரல், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் உங்கள் பெயரைச் சொல்வது. டீக்கடையில் வாங்கிய நம்பர் இப்போது பயன்படும். "அக்கா, போன மாதம் உங்கள் ஆபீஸ் வாசலில் பேசினோமே, கோடிங் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொன்ன அனாட்டமி பாடத்தை முடித்துவிட்டேன். உங்கள் கம்பெனியில் ஃப்ரெஷர் எடுப்பதாக இன்று பார்த்தேன், ரெஸ்யூம் அனுப்பலாமா?" இந்த மெசேஜை யாரும் புறக்கணிப்பது கடினம். "ஹாய் மேம் எனி ஜாப் வேகன்சி" என்பதற்குப் பதில் வராது.

எங்கே, எந்த வேலைக்கு, எந்த தேதியில் அனுப்பினீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். போன் வரும்போது "எந்த கம்பெனி சார்?" என்று கேட்பவரை எனக்குப் பிடித்ததே இல்லை.

மோசடி. வேலைக்கு முன் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை. உண்மையான கன்சல்டன்சிக்குப் பணம் தருவது கம்பெனிதான். சந்தேகம் வந்தால் பி.எஃப். கணக்குகளை நடத்தும் இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டுகிறார்கள் என்பது தெரியும். ஆயிரம் பேர் வேலை செய்வதாகச் சொல்லும் இடத்தில் ஏழு பேருக்குக் கட்டினால் புரிந்துகொள்ளலாம். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். டேட்டா என்ட்ரி என்று சொல்லி சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அனுப்பி, மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்டு மீட்கப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

எட்டாம் படி: நேர்காணல்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் "மைசெல்ஃப்" என்று தொடங்கி ஊர், அப்பா தொழில், அண்ணன் படிப்பு, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எல்லாக் கல்லூரியிலும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தாரோ என்று தோன்றும். மூன்றே விஷயம் சொல்லுங்கள்: என்ன படித்தேன், அதில் கையால் என்ன செய்தேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன். மூன்றாவதில்தான் நீங்கள் வாசலில் நின்று விசாரித்தது பேசும். "போன வாரம் உங்கள் யூனிட்டில் வேலை செய்பவரிடம் பேசினேன், ரிஜெக்ஷன் ரிப்போர்ட் எழுதுவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டம் என்றார், அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னபோது எதிரில் இருந்த மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது நேர்காணல் இல்லை, பேச்சு.

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கிலீஷை நினைத்துப் பயப்படுகிறார்கள். போனில் வெளிநாட்டவரிடம் பேசும் வேலை இல்லையென்றால் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. சொல்ல வந்தது புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் செய்த ப்ராஜெக்டை இங்கிலீஷில் இரண்டு நிமிடம் பேசி போனில் பதிவு செய்து கேளுங்கள். சகிக்காது. மறுநாள் மறுபடி செய்யுங்கள். முப்பது நாளில் வரும் மாற்றத்தை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் தராது. நடுவில் வார்த்தை வராமல் நின்றால் "ஒரு நிமிஷம் தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்கலாம். சென்னையில் பெரும்பாலான மேசைகளில் அனுமதி கிடைக்கும்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் குக்கர் விசில் வராத அறையும், சார்ஜ் நிறைந்த போனும், மின்வெட்டுக்கு மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் முதல் படியில் எழுதிய எண்ணை வைத்துச் சொல்லுங்கள். "கம்பெனி விதிப்படி" என்று சொன்னால் கம்பெனி விதிப்படியே தருவார்கள்.

ஒன்பதாம் படி: ஆஃபர் லெட்டர்

வருடம் 3.6 லட்சம் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) என்றால் வீட்டில் எல்லோரும் மாதம் முப்பதாயிரம் என்று கணக்குப் போடுவார்கள். பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்கள் முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று சுமார் 720 ரூபாயும் உள்ளே. மொத்தத்தில் பத்து சதவீதம் வேரியபிள் (வேலைத்திறனைப் பார்த்துத் தரும் பகுதி) என்றால் 3,000 ரூபாய் மாதா மாதம் வராது. வருடக் கடைசியில் வந்தால் உண்டு. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. மிச்சம் 22,680 ரூபாய். அதிலும் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்தாலும் பிடிப்பார்கள். பி.எஃப். உங்கள் பணம்தான், போய்விடவில்லை. ஆனால் அறை வாடகையை அதில் கட்ட முடியாது. அதனால் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "மாசம் கைக்கு எவ்வளவு வரும் மேடம்?" கூச்சப்படாமல் கேளுங்கள், தினமும் அவர்கள் பதில் சொல்லும் கேள்விதான்.

கையெழுத்துப் போடும் முன் பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், விலகுவதாகச் சொன்ன பிறகு வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று படியுங்கள். மூன்று மாத நோட்டீஸ் என்றால் அடுத்த வேலை தேடும்போது அது இடிக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம்; வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் முதல் வேலையில் டிகிரிச் சான்றிதழை ஒப்படைத்துவிட்டு, விலகிய பிறகு அதை வாங்க நான்கு மாதம் நடந்தேன். ஒவ்வொரு முறையும் அட்மின் சாப்பிடப் போயிருப்பார்.

இரண்டு ஆஃபர் கையில் இருந்து ஒன்றை ஏற்றுக்கொண்டால், மற்ற இடத்துக்கு அன்றைக்கே "வரவில்லை" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். சேரும் நாள் காலையில் போனை அணைத்து வைப்பவர்களை நாங்கள் மறப்பதில்லை, அந்த ஹெச்.ஆர். அடுத்த வருடம் வேறு கம்பெனியில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார். மெயில் போட்டவர்களையும் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு பெண் "வரவில்லை, ஆனால் என் தோழி இதே வேலை தேடுகிறாள்" என்று எழுதி ரெஸ்யூமையும் இணைத்திருந்தாள். அந்தத் தோழி பெருங்குடியில் இப்போது டீம் லீடர்.